மலை ஏறாதவன் மலையேற்றம் பற்றி எழுதலாமா?

மே 4, மாலை (கேள்வி)

"ஒரு செய்தித் தளத்தில் வேலை பார்க்கிறேன். மலையேற்றம் பற்றி மட்டுமே எழுதுகிற பத்திரிகையாளன் ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் இதுவரை ஒரு பெரிய மலையும் ஏறியதில்லை, உயரம் என்றால் கொஞ்சம் பயமும் உண்டு. நீச்சல் தெரியாதவன் நீச்சல் சொல்லிக்கொடுக்கிற கதை இது என்று என் நண்பன் கிண்டல் செய்கிறான். ஏறாதவனுக்கு எழுத உரிமை இல்லையா? இந்தத் தொழில் சோறு போடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

மே 4, இரவு

தம்பி, உங்க நண்பனை எலிசபெத் ஹாலி யார் என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்க. 1923-ல் சிகாகோவில் பிறந்தவர். நியூயார்க்கில் ஃபார்ச்சூன் பத்திரிகையில் தகவல் திரட்டுகிற வேலை. அதை உதறிவிட்டு உலகம் சுற்றக் கிளம்பியவர் 1960-ல் காத்மாண்டுவில் வந்து உட்கார்ந்தார், 2018-ல் சாகும்வரை அந்த ஊரைவிட்டுப் போகவில்லை. ராய்ட்டர்ஸ் செய்தி ஏஜென்சிக்குச் செய்தி அனுப்பினார். நேபாளத்து மலைகளில் யார், எப்போது, எந்த வழியாக ஏறினார்கள் என்று உலகத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கடைசியில் அவர் வீட்டுக் கோப்பைத்தான் புரட்டியாக வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அவர் ஒரு சிகரம்கூட ஏறியதில்லை. 2014-ல் நேபாள அரசு 6182 மீட்டர் சிகரம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தது. ஏறாதவர் பெயரில் ஒரு மலை!

சோறு விஷயம் நாளைக்கு.

மே 5, காலை

போடாது.

விளக்கமாகச் சொன்னால், இது ஒன்றை மட்டும் நம்பினால் போடாது. ஹாலிக்கே போடவில்லை. ஏஜென்சிக்கு நேபாள அரசியலையும் எழுதினார், மலையேற்றச் சுற்றுலா நிறுவனத்தில் வேலை பார்த்தார், எட்மண்ட் ஹில்லாரியின் இமாலயன் டிரஸ்ட் வேலைகளைக் கவனித்தார், 1990 முதல் 2010 வரை நியூசிலாந்துக்குக் கௌரவத் தூதராக இருந்தார். மலைக் கணக்கு இத்தனைக்கும் நடுவில் நடந்தது.

நான் பிழைத்தது வர்த்தகப் பக்கத்தில். பகலெல்லாம் சந்தை நிலவரம், ராத்திரி மலை. மலைச் செய்திக்குப் பருவம் உண்டு. நேபாளத்தில் ஏப்ரல், மே ஒரு சீசன், செப்டம்பர், அக்டோபர் இன்னொன்று. ஜூன், ஜூலையில் பாகிஸ்தான் பக்கம் காரகோரம் மலைத்தொடர். மிச்ச மாதங்களில் சாமான் விமர்சனம், பேட்டி, இரங்கல் கட்டுரை, ஆண்டு நிறைவுக் கட்டுரை என்று ஓட்ட வேண்டியதுதான். மே 29 நெருங்கினால் எல்லா ஆசிரியர்களுக்கும் திடீரென்று எவரெஸ்ட் ஞாபகம் வந்துவிடும். "புதுசா ஏதாவது கோணம் இருக்கா?" என்று கேட்பார்கள். 1953-ல் அந்த நாளில் ஹில்லாரியும் டென்சிங்கும் முதன்முதலாக ஏறியதற்கு வருஷா வருஷம் புதுக் கோணத்துக்கு நான் எங்கே போவேன்?

மே 5, மதியம்

மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்ன இருந்தாலும் அங்கே நேரில் இருந்தவன் எழுதுகிற மாதிரி வருமா?" நியாயமான கேள்வி. 1996-ஐ எடுத்துக்கொள்வோம்.

அந்த வருஷம் அவுட்சைட் பத்திரிகை ஜான் கிராகவரை எவரெஸ்டுக்கு அனுப்பியது. கிராகவர் நல்ல ஏறுநர், நல்ல எழுத்தாளரும்கூட. மே 10, 11 புயலில் மலையின் இரு பக்கமும் சேர்த்து 8 பேர் செத்தார்கள். உயிரோடு இறங்கிவந்து அவர் எழுதிய கட்டுரையைப் படிக்காத மலைப்பிரியர்கள் குறைவு. அதில், தன் குழுவின் வழிகாட்டி ஒருவரை முகாமுக்குப் பக்கத்தில் கண்ணால் பார்த்ததாகவும் பேசியதாகவும் சொல்லியிருந்தார். அந்த வழிகாட்டி முகாமின் ஓரத்தில் வழுக்கி விழுந்து இறந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார். கீழே வந்து பலரிடம் திரும்பத் திரும்ப விசாரித்த பிறகுதான், அன்று பார்த்தது வேறொரு குழுவின் ஆள் என்று அவருக்கே தெரிந்தது. வழிகாட்டி அத்தனை தூரம் இறங்கியே வரவில்லை. இதைப் பிற்பாடு தன் புத்தகத்தில் மறைக்காமல் எழுதிவிட்டார், அது பெரிய குணம்.

8000 மீட்டருக்குப் பக்கத்தில் மூளைக்குப் பிராணவாயு போதாது. தூக்கமில்லை, குளிர், மூடுபனி, எல்லார் முகத்திலும் முகமூடி. அங்கே இருந்தவன் கண் அவ்வளவுதான் பார்க்கும். எது நடந்தது என்பது இறங்கி வந்து நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் தெரியவந்தது. விசாரிப்பதற்கு மலை ஏறியிருக்க வேண்டியதில்லை.

மே 5, மாலை

அதே 8 பேரில் மூன்று பேர் வடக்குப் பக்கம், திபெத் வழியாக ஏறிய இந்தோ-திபெத்திய எல்லைப் போலீஸ் வீரர்கள். நம் ஆட்கள். தெற்குப் பக்கச் சாவுகளுக்குப் புத்தகம், எதிர்ப் புத்தகம், படம் என்று வந்தன. இந்த மூன்று பேருக்கு உலகப் பத்திரிகைகளில் கிடைத்த இடம் சொற்பம். தெற்கே குழுவோடு ஒரு பத்திரிகையாளர் ஏறினார், இந்த மூன்று பேரோடு எழுதுகிறவர் யாரும் ஏறவில்லை. யார் சாவு வரலாறாகிறது என்பதை எழுதுகிறவன் நிற்கிற இடம் தீர்மானிக்கிறது. உங்க நண்பனுடைய கிண்டலை விட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

மே 6, இரவு

விசாரிப்பது என்றால் எப்படி என்று தம்பி தனியாகக் கேட்டிருந்தார். ஒரு உதாரணம்.

காத்மாண்டு, தமேலில் ஒரு ஹோட்டல் வரவேற்பறை. எவரெஸ்ட் ஏறிவிட்டு முந்தின நாள்தான் வந்திறங்கியவர் சோபாவில் இருக்கிறார். கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்து, மற்ற முகம் கருத்து, மூக்கு நுனி உரிந்து தொங்குகிறது. இரண்டு விரல்களில் கட்டு. டீ கிளாஸை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்துக் குடிக்கிறார். உச்சியில் எத்தனை மணிக்கு நின்றீர்கள் என்றேன். யோசிக்காமல் "7.20" என்றார். சோபாவின் ஓரத்தில் அவரோடு ஏறிய ஷெர்பா, அதுவரை யாரும் எதுவும் கேட்காததால் பேசாமல் இருந்தார். அவரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. போனை எடுத்துப் படங்களைத் தள்ளிக்கொண்டே போய் ஒன்றில் நிறுத்தி என் பக்கம் நீட்டினார். ஸ்பான்சர் கொடி, உச்சி, 9.05. மற்றவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். 7.20 தெற்கு உச்சியில் (உண்மை உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற மேடு) ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றிய நேரமாம். பொய் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அந்த இரண்டு நேரங்களும் அவர் தலையில் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன.

அன்றிலிருந்து ஷெர்பாவிடம்தான் முதலில் கேட்பேன்.

மே 7, காலை

நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு துணுக்கு. நேபாள நேரம் நம் நேரத்தை விடக் கால் மணி முன்னால். திபெத் பக்கமாக ஏறுகிறவர்கள் பெய்ஜிங் நேரம் வைத்திருப்பார்கள், அது நேபாள நேரத்தை விட இரண்டே கால் மணி முன்னால். ஒருவர் 7 மணிக்கு உச்சியில் யாருமே இல்லை என்பார். இன்னொருவர் 9.15-க்குத் தனியாக நின்றேன் என்பார். இரண்டு பேரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றிருக்க வாய்ப்பு உண்டு.

மே 7, இரவு

"அப்போ நீங்க போலீஸ் வேலை பார்க்கிறீங்களா?" என்று கேட்ட அண்ணனுக்கு:

கொஞ்சம் அப்படித்தான். மலையேற்றத்தில் நடுவர் இல்லை, எல்லைக்கோட்டுக் கேமரா இல்லை. ஏறினேன் என்று சொன்னால் ஏறியதாக நம்புவதுதான் பழைய மரபு. பெயரும் காசும் சேரச் சேர மரபு ஆட்டம் கண்டது. 1990-ல் ஸ்லோவேனியாவின் தோமோ செசென், லோட்சே சிகரத்தின் தெற்குச் சுவரைத் தனியாக ஏறினேன் என்றார். உலகமே கொண்டாடியது. ஆதாரமாக வந்த படம் ஒன்று தன்னுடையது என்று அவர் நாட்டு ஏறுநரே பின்னால் சொன்னார். தென் கொரியாவின் ஓ உன்-சன் 2010-ல் உலகில் 8000 மீட்டருக்கு மேற்பட்ட 14 சிகரங்களையும் முடித்த முதல் பெண் என்று அறிவிக்கப்பட்டார். 2009-ல் அவர் ஏறியதாகச் சொன்ன காஞ்சன்ஜங்கா ஏற்றத்தை ஹாலி 'சர்ச்சைக்குரியது' என்று குறித்துவைத்தார். கொரிய ஆல்பைன் கூட்டமைப்பும் பிற்பாடு சந்தேகம் தெரிவித்தது. 2016-ல் புனே போலீஸ் தம்பதி ஒன்று எவரெஸ்ட் ஏறியதாக நேபாள அரசின் சான்றிதழே வாங்கிவிட்டது. படம் வேறொருவருடையதை வெட்டி ஒட்டியது. மற்ற ஏறுநர்கள் கிளப்பிவிட்டுப் பத்திரிகைகள் விடாமல் எழுதியதால் சான்றிதழ் ரத்தாகி, பத்து வருஷத் தடை வந்தது.

கவனிங்க, 'பொய்' என்று ஹாலி எழுதவில்லை. 'சர்ச்சைக்குரியது' என்பதோடு நின்றார். நிரூபிக்க முடிந்த அளவுக்கு மேல் ஒரு அடிகூட வைக்கவில்லை. நம் டிவிக்காரர்களாக இருந்தால் அன்று ராத்திரியே நாலு பேரை உட்காரவைத்துத் தீர்ப்பும் சொல்லியிருப்பார்கள்.

மே 9, காலை

இரண்டு நாளாக ஒரு யோசனை. ஹாலியை நான் ஏதோ யாருக்கும் கட்டுப்படாத தனி நீதிபதி மாதிரி காட்டிவிட்டேனோ? மலையேற்றச் சுற்றுலா நிறுவனத்தில் சம்பளம், ஹில்லாரியோடு நெருங்கிய நட்பு. இன்றைக்கு ஒரு நிருபர் அப்படி இருந்தால் நாமே விட மாட்டோம். ஆனாலும் அவர் பதிவுகள் நிற்கின்றன. ஏன்?

எனக்குத் தோன்றுவது: ஏறுநர்களிடமிருந்து அவருக்கு ஒன்றும் ஆக வேண்டியிருக்கவில்லை. கயிற்றில் ஒரு இடம், கூடாரத்தில் ஒரு மூலை, உச்சிக்கு ஒரு வாய்ப்பு என்று எதற்கும் அவர்கள் தயவு தேவைப்படவில்லை. தன் பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் காரில் ஹோட்டலுக்கு வந்து, படிவத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுவார். பெட்டியை அறையில் வைப்பதற்குள் வரவேற்பறையிலிருந்து போன் வரும் என்று பெரிய பெரிய ஏறுநர்களெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பில் கொஞ்சம் பயமும் இருக்கும்.

இதோடு ஒப்பிட்டால் 1953-ல் தி டைம்ஸ் நிருபர் ஜான் மோரிஸ் (அப்போது ஜேம்ஸ் மோரிஸ்) நிலைமை வேறு. தி டைம்ஸ் அந்த எவரெஸ்ட் பயணச் செய்தியின் முழு உரிமையையும் பணம் கொடுத்து வாங்கியிருந்தது, அதனால்தான் அவர் குழுவோடேயே இருந்தார். மலையேற்றமே தெரியாத 26 வயதுக்காரர் நான்காம் முகாம் வரை ஏறினார். வெற்றி என்று தெரிந்ததும் அன்று மாலையே பனியருவி (பனிப்பாளங்கள் உடைந்து சரிகிற இடம்) வழியாக விழுந்து எழுந்து இறங்கி, நாம்சே பஜாரிலிருந்த இந்தியப் போலீஸ் வயர்லெஸ் மூலம் செய்தி அனுப்பினார். "பனி நிலைமை மோசம், முன்தள முகாம் கைவிடப்பட்டது, முன்னேற்றத்துக்குக் காத்திருக்கிறோம்" என்று சங்கேதம். பனி மோசம் என்றால் எவரெஸ்ட் ஏறியாயிற்று, மற்ற இரண்டும் ஹில்லாரி, டென்சிங். வழியில் யார் படித்தாலும் தோற்றுத் திரும்புகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஜூன் 2, எலிசபெத் ராணி முடிசூட்டு நாளன்று லண்டனில் அச்சில் வந்தது. மலைப் பத்திரிகைத் துறையின் மிகப் பெரிய 'முந்திக்கொண்ட செய்தி' காசு கொடுத்து வாங்கிய செய்தி. கிராகவர் ஏறியதற்கான கட்டணத்திலும் பெரும்பகுதியை அவுட்சைட் விளம்பர இடமாகத்தான் கழித்தது, அவரே எழுதியிருக்கிறார்.

அதனால் அவர்கள் எழுதியது தள்ளுபடி என்று நான் சொல்லவில்லை. யார் காசில் மேலே போனோம் என்று வாசகனிடம் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி தீராது. ஒரே கூடாரத்தில் ஒரு மாதம் சேர்ந்து இருமியவனைப் பற்றிக் கறாராக எழுத எனக்குக் கை வரவில்லை, முயன்று பார்த்திருக்கிறேன்.

மே 10, மதியம்

மெஸ்னர் விவகாரத்தை இழுத்துவிட்டார்கள். சரி, சுருக்கமாக. 1986-ல் 14 சிகரங்களையும் முதலில் முடித்தவர் ரைன்ஹோல்ட் மெஸ்னர் என்பதுதான் உலகம் அறிந்தது. எபர்ஹார்ட் யூர்கால்ஸ்கி என்ற ஜெர்மன் ஆய்வாளர், மெஸ்னர் 1985-ல் அன்னபூர்ணாவின் நீண்ட உச்சி முகட்டில் உண்மையான உச்சிக்குச் சுமார் 5 மீட்டர் குறைவாக நின்றார் என்று படங்களை வைத்துக் கணித்தார். 2023-ல் கின்னஸ் சாதனையை எட் வீஸ்டர்ஸுக்கு மாற்றியது. வீஸ்டர்ஸோ, முதல் ஆள் மெஸ்னர்தான் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு இதில் இரண்டு மனசு. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல், அந்தக் காற்றில், முகட்டில் எந்த மேடு உயரம் என்று யார் அளந்தார்கள்? இன்னொரு பக்கம், உச்சி என்றால் உச்சிதான். மனாஸ்லு சிகரத்தில் வருஷக்கணக்காகக் கூட்டம் கூட்டமாக ஒரு முன்மேட்டில் கொடி பிடித்துப் படமெடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. 2021-ல் மிங்மா கியால்ஜே ஷெர்பா குழு அதைத் தாண்டி உண்மை உச்சிக்குப் போனபோது ட்ரோனில் எடுத்த படம் ஒன்று வெளிவந்தது. முன்மேட்டில் ஒரு வரிசை, அதற்கப்பால் தூரத்தில் இவர்கள். ஒரே படத்தில் வாதம் முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் முதல் உண்மை உச்சி தொட்டால்தான் ஏற்றம் என்று ஹாலியின் பதிவுகளிலிருந்து உருவான இமாலயன் டேட்டாபேஸ் அறிவித்தது. பழையவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மே 10, மாலை

இல்லை, மெஸ்னர் ரசிகர் மன்றத்தில் நான் உறுப்பினர் இல்லை. திட்டுகிறவர்கள் கொஞ்சம் மரியாதையாகத் திட்டவும்.

மே 12, இரவு

தம்பி கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் பாதி அதுதான். சாவு.

பேட்டி எடுத்தவர்கள் செத்துப்போவார்கள். போன சீசனில் சிரித்துப் பேசிய எண்ணுக்கு இந்த சீசனில் அடித்தால் அவர் மனைவி எடுப்பார். மலையில் யாரோ இறந்துவிட்டார் என்று தகவல் வந்ததும் பெயரைப் போட எல்லாத் தளங்களும் துடிக்கும். சாட்டிலைட் போன், வைஃபை எல்லாம் பேஸ் கேம்புக்கு வந்த பிறகு வீட்டுக்குச் செய்தி போவதற்குள் நம் கைக்குப் பெயர் வந்துவிடுகிறது. வீட்டில் சொல்லியாயிற்று என்று இரண்டு பேர் உறுதி சொல்லாமல் நான் பெயர் போட்டதில்லை. அதனால் பிந்தினேன், ஆசிரியரிடம் திட்டு வாங்கினேன். வாங்கிவிட்டுப் போகிறேன்.

2014 ஏப்ரல் 18-ல் எவரெஸ்டின் கும்பு பனியருவியில் பனிச்சரிவு. 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கயிறும் ஏணியும் சிலிண்டரும் சுமந்துகொண்டு வாடிக்கையாளர்களுக்கு முன்னால் போனவர்கள். அரசு முதலில் அறிவித்த உதவி குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய், அமெரிக்கக் கணக்கில் சுமார் 400 டாலர். ஷெர்பாக்கள் கொதித்துப்போய் அந்த சீசனுக்கு வேலை செய்ய மறுத்தார்கள். நான் 16 பெயர்களையும் கட்டுரையில் போட்டு அனுப்பினேன். "படிக்கிறவனுக்குப் பெயர் பட்டியல் எதுக்கு?" என்று ஒரு பத்திரிகையில் வெட்டிவிட்டு, வேலைநிறுத்தத்தால் பயணம் கெட்டுப்போன வெளிநாட்டுக்காரர் ஒருவரின் படத்தைப் பெரிதாகப் போட்டார்கள். அந்தப் பத்திரிகைக்கு அதன் பிறகு எழுதவில்லை. அவர்களும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

மே 13, காலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தம்பி "அப்போ வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார். அட, வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? வேலையை விட்டுவிட்டு இறங்காதீங்க என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று, 'ஏறாதவன்' என்பதைப் பெருமையாகவும் ஆக்கிக்கொள்ள வேண்டாம். ஹாலிக்குப் பிறகு டேட்டாபேஸ் வேலையை ஏற்ற பில்லி பியர்லிங் ஜெர்மன் பத்திரிகையாளர், எவரெஸ்டே ஏறியவர். இரண்டு வழியிலும் நடக்கிறது. கிராம்பான் (ஷூவுக்கு அடியில் மாட்டுகிற இரும்பு முள்) மாட்டி, பனி மூடிய ஒரு சரிவில் நடந்து பாருங்க, 5000 மீட்டருக்கு மேல் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க. தலைவலியில் ஷூ லேஸ் கட்ட எத்தனை நேரம் ஆகிறது என்று தெரிந்தால், "ஏன் அவரை விட்டுவிட்டு வந்தீர்கள்?" என்ற கேள்வியைக் கேட்கிற தொனி மாறும். கேள்வி மாறக் கூடாது.

மே 16, இரவு

தம்பிக்கு நல்ல செய்தி. ஒரு பயண நிறுவனம் பேஸ் கேம்ப் வரை இலவசமாகக் கூட்டிப்போகிறேன் என்று அழைத்திருக்கிறதாம். போகலாமா என்று கேட்கிறார். ஒப்பந்தத்தை முழுசாகப் படிங்க. வெளியிடுவதற்கு முன் கட்டுரையை எங்களிடம் காட்ட வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. ஒப்புக்கொண்டால் போங்க, கட்டுரையின் முதல் பத்தியிலேயே யார் செலவு என்று எழுதுங்க. ஒப்புக்கொள்ளாவிட்டால் காத்மாண்டு வரை சொந்தக் காசில் போய் மே கடைசியில் தமேலில் ரூம் போடுங்க, இறங்கி வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். கூடவே நேபாளி கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்க, சமையல்காரரிடம் பேசத் தெரிந்தால் பாதிச் செய்தி அங்கேயே கிடைக்கும். ரசீதையெல்லாம் பத்திரமாக வைங்க, வருமான வரிக்கு ஆகும்.